செடானுக்கு அலாய் வீல்: மட்கார்டு கேப் கூடாமல் தேர்ந்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை காளவாசல் பக்கம் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு நாலைந்து பேராவது போனில் ஒரு அலாய் வீல் படத்தைக் காட்டி, "அண்ணே, இது நம்ம வண்டிக்கு எடுக்குமா?" என்று கேட்கிறார்கள். வேறு எங்கோ மாட்டிவிட்டு அலைன்மென்ட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது இன்னொன்று: "ரிம்மு பெருசாத்தானே போட்டேன், அப்புறம் ஏன்ணே டயருக்கு மேல இவ்வளவு சந்து தெரியுது?" பணம் கொடுத்து வாங்கி மாட்டிய பிறகு இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருப்பதில்லை. வாங்கும் முன்பே தெரிந்திருந்தால் உதவும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கேப் என்று எதைச் சொல்கிறோம்? நம் செடான்களில் மட்டும் ஏன் இவ்வளவு?

டயரின் உச்சிக்கும் மட்கார்டு வளைவின் விளிம்புக்கும் நடுவில் தெரிகிற சந்துதான் கேப். வெளிநாட்டுப் படங்களில் அதே மாடல் தரையோடு ஒட்டி நிற்கும், நம் ஊர் வண்டி கொஞ்சம் எம்பி நிற்கும். நம் சாலைக்கும் வேகத்தடைக்கும் தகுந்தபடி சஸ்பென்ஷனை உயர்த்தி அமைப்பதால் வருவது இது. ஹோண்டா சிட்டிக்கு 165 மில்லிமீட்டர், சியாஸுக்கு 170, விர்ட்டஸுக்கு ஆள் ஏறாத நிலையில் 179 என்று கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி, சொல்கிறார்கள். ஐந்து பேர் ஏறி, டிக்கியில் திருச்செந்தூர் போகிற அளவுக்குச் சாமான் வைத்த பிறகும் வண்டி அடிபடாமல் போக வேண்டும். அதற்கான இடம்தான் காலி வண்டியில் கேப்பாகத் தெரிகிறது. இதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ரிம் மாற்றும்போது அது இன்னும் கூடிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

அலாய் வீல் மாற்றினால் கேப் குறையுமா?

ரிம்மால் குறையாது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். வீலின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளங்கள். உதாரணத்துக்கு 375 மில்லிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவை முடிவு செய்வது ஸ்பிரிங்கும் வண்டியின் எடையும். என்ன ரிம் போட்டாலும் இது மாறாது. இதிலிருந்து டயரின் ஆரத்தை, அதாவது மொத்த விட்டத்தில் பாதியைக் கழியுங்கள். டயர் விட்டம் 610 என்றால் ஆரம் 305; 375-இல் 305 போக மீதி 70 மில்லிமீட்டர். அதுதான் உங்கள் கேப்.

இந்தக் கணக்கில் ரிம் எங்கேயும் வரவில்லை, பார்த்தீர்களா? டயரின் வெளி விட்டம் கூடினால் கேப் குறையும், விட்டம் குறைந்தால் கேப் கூடும். 15 இஞ்ச் போடுங்கள், 17 இஞ்ச் போடுங்கள், வெளி விட்டம் அதேதான் என்றால் கேப்பும் அதேதான்.

"17 இஞ்ச் போட்டா கேப் மறைஞ்சிரும்" என்று கடையில் சொல்கிறார்களே?

என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். 2018-இல், நான் கடை ஆரம்பிப்பதற்கு முன்பு, என் சிட்டிக்கு ரிம் வாங்கப் போனேன். கம்பெனி அளவு 185/55 ஆர்16. கடைக்காரர் 17 இஞ்ச் ரிம்மோடு 205/40 டயரைக் காட்டினார். அந்த அளவுதான் அவரிடம் கைவசம் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தனியாக வைத்துப் பார்த்தபோது அழகாக இருந்தது. மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பக்கவாட்டில் நின்று பார்த்தால், முன்பைவிடச் சந்து பெரிதாகத் தெரிந்தது. மறுநாள் எங்கள் தெரு முனை வேகத்தடையில், அதுவரை ஒரு தடவைகூட உரசாத வண்டி அடியில் உரசியது.

கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. பழைய டயரின் விட்டம் 609.9 மில்லிமீட்டர், புதியது 595.8. பதினான்கு மில்லிமீட்டர் வித்தியாசம். அதில் பாதி, 7 மில்லிமீட்டர், மேலே கேப்பில் கூடியது. இன்னொரு பாதி கீழே கிரவுண்ட் கிளியரன்ஸில் போனது. பார்வைக்கும் நஷ்டம், ஓட்டுவதற்கும் நஷ்டம். அதே ரிம்மில் 205/45 போட்டிருந்தால் விட்டம் 616.3 வந்திருக்கும், கேப் 3 மில்லிமீட்டர் குறைந்து, கிரவுண்ட் கிளியரன்ஸ் 3 மில்லிமீட்டர் கூடியிருக்கும். டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் நாற்பது, நாற்பத்தைந்து என்ற அந்த ஒரு எண்ணில்தான் எல்லாம் இருந்தது. ஆறு மாதம் கழித்து நான்கு டயர்களையும் மாற்றினேன்.

டயர் விட்டத்தை நானே எப்படிக் கணக்குப் போடுவது?

185/55 ஆர்16 என்பதையே எடுத்துக்கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. 185-இல் 55 சதவீதம் 101.75. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர் என்று இரண்டு தடவை, 203.5. ரிம் 16 இஞ்ச். ஒரு இஞ்ச் 25.4 மில்லிமீட்டர் என்பதால் 406.4. இரண்டையும் கூட்டினால் 609.9.

சிட்டி வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்கும் அளவுகளை நானே போட்டுத் தருகிறேன்.

- 175/65 ஆர்15: 608.5
- 185/60 ஆர்15: 603
- 185/55 ஆர்16: 609.9
- 195/50 ஆர்16: 601.4
- 195/55 ஆர்16: 620.9
- 195/45 ஆர்17: 607.3
- 205/45 ஆர்17: 616.3
- 205/40 ஆர்17: 595.8

இதில் 195/50 ஆர்16 பலர் விழுகிற பள்ளம். கம்பெனி டயரைவிட அகலம் கூடுதல் என்பதால் பெரிய டயர் என்று நினைத்து வாங்குகிறார்கள். விட்டம் எட்டரை மில்லிமீட்டர் குறைவு. கேப் 4 மில்லிமீட்டர் கூடிவிடும்.

அப்படியென்றால் பெரிய விட்டமாகப் பார்த்துப் போட்டுவிடலாமே?

ஓர் எல்லை வரை போடலாம். கம்பெனி விட்டத்திலிருந்து மேலேயோ கீழேயோ 3 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது தொழிலில் எல்லோரும் பின்பற்றும் வழக்கம். நான் 2 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். 185/55 ஆர்16-இலிருந்து 195/55 ஆர்16 போனால் 1.8 சதவீதம் கூடும். கேப் ஐந்தரை மில்லிமீட்டர் குறையும், வண்டி அதே அளவு உயரும், பக்கச் சுவரும் கொஞ்சம் தடிக்கும். ரிம் மாற்றாமலே கிடைக்கிற பலன் இது. நம் சாலைக்கு என் முதல் தேர்வும் இதுதான்.

விட்டம் கூடும்போது பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. முன் வீலில் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டுக்கும் (ஸ்பிரிங்கைத் தாங்கும் தூண்) டயருக்கும் நடுவில் ஒரு பென்சில் தாராளமாக நுழைய வேண்டும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, உள் பிளாஸ்டிக்கில் டயர் படுகிறதா என்று பாருங்கள். பின்னால் மூன்று பேரை உட்கார வைத்து, ஒரு வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். காலி வண்டியில் கடையில் நின்று பார்த்துவிட்டு "படலையே" என்று கிளம்பியவர்கள், குடும்பத்தோடு கொடைக்கானல் மலை ஏறும்போது உரசல் சத்தம் கேட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

வெளி விட்டம் ஒன்றாகவே இருந்தும், சில ரிம்களில் கேப் பெரிதாகத் தெரிகிறதே?

டேப்பில் வரும் கேப் ஒன்று, கண்ணுக்குப் படும் கேப் வேறொன்று. டயரும் கருப்பு, மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் குழியும் கருப்பு. தூரத்திலிருந்து பார்க்கும்போது ரிம் விளிம்பிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை எல்லாம் சேர்ந்து ஒரே கருப்புப் பட்டையாகத் தெரியும். மேலே சொன்ன 375 மில்லிமீட்டர் வண்டியில் 15 இஞ்ச் ரிம் என்றால் அந்தப் பட்டை 184 மில்லிமீட்டர், 16 என்றால் 172, 17 என்றால் 159. பெரிய ரிம் போட்டால் வீல் வளைவு நிறைந்த மாதிரி தோன்றுவது இதனால்தான். கடைக்காரர்கள் சொல்வதில் அவ்வளவு உண்மை இருக்கிறது.

ஆனால் பக்கத்தில் வந்து நின்றால் கண் வேறு மாதிரி அளக்கும். டயர் சுவரையும் அதற்கு மேல் இருக்கும் சந்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட ஆரம்பித்துவிடும். 185/55 ஆர்16-இல் சுவர் 102, சந்து 70; சந்து அடங்கித் தெரியும். என் பழைய 205/40-இல் சுவர் 82, சந்து 77. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிட்டதால் சந்துதான் கண்ணில் குத்தியது. மெல்லிய டயர் போட்ட உயரமான செடான் காலணி இல்லாமல் நிற்கிற ஆள் மாதிரி இருப்பதற்குக் காரணம் இந்த விகிதம்தான்.

நிறமும் வேலை செய்யும். வெள்ளி நிற ரிம், விளிம்பு வரை நீளும் மெல்லிய கம்பிகள் என்றால் ரிம் அதன் அளவைவிடப் பெரிதாகத் தெரியும். முழுக் கருப்பு ரிம் குழியோடு கலந்து, மொத்த இடமும் இருட்டாகிவிடும். வெள்ளை வண்டிக்குக் கருப்பு ரிம் கேட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். கேப்தான் உங்கள் கவலை என்றால், நடுக் கம்பிகள் கருப்பாக இருந்து விளிம்பு மட்டும் பாலிஷ் செய்த ரிம்மைப் பாருங்கள்.

ஆஃப்செட் என்கிறார்களே, அதற்கும் கேப்புக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. ஆனால் இதை யாரும் கேட்பதில்லை.

ரிம்மின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் வீலைத் தாங்கும் ஹப்பில் போய் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். ரிம்மின் உட்புறத்தில் இ.டி. 45 என்பது மாதிரி பொறித்திருக்கும். எண் பெரிதானால் வீல் உள்ளே போகும், சிறிதானால் வெளியே வரும்.

வீல் ரொம்ப உள்ளே உட்கார்ந்திருந்தால் மேலிருந்து பார்க்கும்போது மட்கார்டுக்குக் கீழே ஒரு திண்ணை மாதிரி இடம் விட்டுப்போகும். அந்த இருட்டு, சந்தை இன்னும் ஆழமாகக் காட்டும். டயரின் பக்கச் சுவர் மட்கார்டு விளிம்புக்கு அருகே நேராக வந்துவிட்டால், அதே 70 மில்லிமீட்டர் சந்து நிறைந்த மாதிரி தெரியும். டேப் வைத்தால் ஒரு மில்லிமீட்டர்கூட மாறியிருக்காது, பார்வை மட்டும் மாறியிருக்கும். கேப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர் விட்டத்துக்கு அடுத்தபடியாகப் பணத்தையும் நேரத்தையும் செலவழிக்க வேண்டியது இங்கேதான்.

கணக்கு இப்படி. பழையது 6ஜே அகலம், ஆஃப்செட் 45. புதியது 6.5ஜே, ஆஃப்செட் 42. அகலம் அரை இஞ்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர் கூடுகிறது. அதில் பாதி வெளியே, பாதி உள்ளே. ஆஃப்செட் 3 குறைவதால் வெளியே இன்னும் 3. ஆக வெளிப்பக்கம் 9.3 மில்லிமீட்டர் வரும், உள்பக்கம் 3.3 கூடும். சாதாரணச் செடானுக்கு இது நல்ல மாற்றம். இதையே 7ஜே, ஆஃப்செட் 40 என்று வாங்கினால் வெளியே 17.7, உள்ளே 7.7. பல வண்டிகளில் ஆள் ஏறியதும் பின் மட்கார்டில் உரசுவது இந்த அளவில்தான் ஆரம்பிக்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு நூலில் சிறிய நட்டைக் கட்டி, மட்கார்டு விளிம்பின் உச்சியிலிருந்து தொங்க விடுங்கள். நூலுக்கும் டயர் சுவருக்கும் இடையே எவ்வளவு இருக்கிறது என்று முன்னாலும் பின்னாலும் தனித்தனியாக அளங்கள். 20 மில்லிமீட்டர் இருந்தால் 10, 12 வரை வெளியே கொண்டு வரலாம். மிச்சத்தை விட்டுவிடுங்கள். ஆஃப்செட்டை ரொம்பக் குறைத்தால் வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், ஸ்டியரிங் கனக்கும், பள்ளத்தில் கையைப் பிடித்து இழுக்கும். மழை நாளில் சேறு முழுக்கக் கதவில்தான் இருக்கும்.

ஸ்பேசர் போட்டு வெளியே தள்ளினால் போதாதா?

வேண்டாம். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்கும் மெல்லிய தகடுதான் ஸ்பேசர். அதைப் போட்டால் நட் பிடிக்கும் மரை குறையும், ரிம்மும் ஹப்பின் மையத்தில் சரியாக உட்காராது. சரியான ஆஃப்செட்டில் ரிம் வாங்க வழி இருக்கும்போது, வாழ்நாள் முழுக்க ஒரு கூடுதல் இணைப்பை நம்பி ஓட்டுவானேன்?

பி.சி.டி., சென்டர் போர், நட்: இதெல்லாம் கடைக்காரர் பார்த்துக்கொள்வார்தானே?

பி.சி.டி. என்பது நட் ஓட்டைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும். அதை அவர் பார்த்துத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரிம் ஏறாது. சிட்டிக்கு 4x100. வென்ட்டோ, விர்ட்டஸ், ஸ்லாவியாவுக்கு 5x100. ஒரே ரிம்மில் எட்டு ஓட்டை போட்டு 100, 114.3 இரண்டுக்கும் ஆகும் என்று விற்பார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை, பார்க்க எனக்குப் பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

மற்ற இரண்டையும் நீங்கள்தான் கேட்க வேண்டும். சென்டர் போர் என்பது ரிம் நடுவே இருக்கும் பெரிய துளை. சிட்டியின் ஹப் 56.1 மில்லிமீட்டர், ஃபோக்ஸ்வேகன் வண்டிகளுக்கு 57.1. கடையில் விற்கும் ரிம்கள் எல்லா வண்டிக்கும் ஆக வேண்டும் என்று 67, 73 என்ற மாதிரி பெரிய துளையோடு வரும். நடுவில் இருக்கும் அந்த இடத்தை ஹப் ரிங் போட்டு நிரப்ப வேண்டும். போடாவிட்டால் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். "மூணு தடவை பேலன்சிங் பண்ணியும் நடுக்கம் போகல" என்று வந்த வண்டிகளில் பாதிக்கு நான் செய்த வைத்தியம் நான்கு ரிங் போட்டதுதான்.

நட் அதைவிட முக்கியம். ஹோண்டா கம்பெனி ரிம்மில் நட் உட்காரும் குழி உருண்டை வடிவம். வெளியில் வாங்கும் ரிம்களில் பெரும்பாலும் கூம்பு வடிவம். உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் முறுக்கினால் இறுகின மாதிரியே இருக்கும், ஆனால் விளிம்பில் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும். ஓட ஓடத் தளரும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவுக்கு நட்டுக்குப் பதிலாக போல்ட்; அதிலும் கம்பெனி போல்ட்டின் தலை உருண்டை. புது ரிம் வாங்கினால் அதன் குழிக்கு ஏற்ற நட்டையும் போல்ட்டையும் சேர்த்தே வாங்குங்கள். பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்டெப்னி கம்பெனி டிஸ்க்காக இருந்தால் அதற்குப் பழைய நட்தான் வேண்டும். அவற்றை ஒரு பையில் போட்டு ஸ்டெப்னிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

விலை குறைந்த ரிம்முக்கும் நல்ல ரிம்முக்கும் வித்தியாசம் எப்படித் தெரிந்துகொள்வது?

ரிம்மைத் திருப்பி உட்புறத்தைப் பாருங்கள். அகலம், ஆஃப்செட், தாங்கும் எடை மூன்றும் வார்ப்பிலேயே பொறித்திருக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது கணக்கில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானியத் தரக் குறியீடும், அதைச் சோதித்ததற்கான வி.ஐ.ஏ. குறியீடும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆளும் சாமானுமாகச் செடானின் மொத்த எடை 1600 கிலோ வரை போகும். அதில் பாதிக்கு மேல் பின்னால் விழும்போது ஒரு வீலுக்கு 400 கிலோவைத் தாண்டும், பள்ளத்தில் விழுந்தால் அடி அதைப் போலப் பல மடங்கு. ஒரு ரிம்முக்கு 500 கிலோவுக்குக் குறைவாகப் பொறித்திருந்தால் நான் தொட மாட்டேன்.

டயரிலும் இதே மாதிரி பாருங்கள். அளவுக்குப் பக்கத்தில் 83எச், 87வி என்று இருக்கும். 83 என்றால் 487 கிலோ, 84 என்றால் 500, 87 என்றால் 545. கம்பெனி டயரின் எண்ணுக்குக் கீழே போகவே கூடாது.

மதுரை சாலைக்கு 17 இஞ்ச் தாங்குமா?

எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நத்தம் ரோடு பறக்கும் பாலத்தில் ஏழு கிலோமீட்டரும், அப்புறம் திருச்சி நான்கு வழிச்சாலையும் மட்டும்தான் உங்கள் பாதை என்றால் 17 சுகமாக ஓடும். ஆனால் பாலத்திலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகிற தெரு இருக்கிறதே. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய குழி, குடிநீர்க் குழாய்க்குக் குறுக்கே வெட்டிய கோடு, சாலையைவிட உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கும் ஆள்நுழைவு மூடி. இவற்றில் தினமும் ஏறி இறங்கும் வண்டிக்கு டயர் சுவர்தான் முதல் மெத்தை. மேலூர் பக்கம் கல் லாரி ஓடும் கிராமச் சாலைகளிலும் அப்படித்தான்.

என் கடைக்கு வரும் வளைந்த ரிம்களில் பெரும்பாலானவை 17 இஞ்ச். மழை பெய்து பள்ளம் தண்ணீரில் மறைந்த வாரங்களில்தான் அதிகம் வருகின்றன. டயர் சுவரில் முட்டை மாதிரி புடைத்துக்கொண்டு வருவதும் மெல்லிய டயர்களில்தான் கூடுதல். அப்படிப் புடைத்த டயருக்கு வைத்தியமே கிடையாது, மாற்றியாக வேண்டும். அதனால் 15 இஞ்சில் வந்த செடானுக்கு 16, 16-இல் வந்ததற்கு அதே 16-ஐ அரை இஞ்ச் அகலம் கூட்டி, ஆஃப்செட் குறைத்து எடுப்பது என் யோசனை. 17 வேண்டும் என்று ஆசைப்பட்டால் சுவரின் சதவீத எண் 45-க்குக் கீழே போகாதீர்கள்.

ஸ்பிரிங்கை இறக்கினால் கேப் போய்விடும்தானே?

போய்விடும். நிஜமாகவே கேப்பை அடைக்கும் வழி அதுதான். 30 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங் போட்டால் கேப் 70 என்பது 40 ஆகும். கூடவே 165 கிளியரன்ஸ் 135 ஆகும், ஐந்து பேர் ஏறினால் இன்னும் குறையும். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து ஏறியபோது வாசல் சரிவில் இறங்க முடியாமல் நின்ற வண்டியை நான் போய் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வண்டி இறங்கும்போது முன் வீல்கள் மேற்புறம் உள்வாக்கில் சாய்ந்து, டயரின் உள் ஓரம் சீக்கிரம் தேயும். சிட்டி, வெர்னா போன்றவற்றின் பின் அச்சில் அந்தச் சாய்வை அலைன்மென்ட்டில் திருத்தவும் வழியில்லை. ஸ்பிரிங்கை அறுத்துக் குட்டையாக்கும் வேலையை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அறுத்த ஸ்பிரிங், வண்டியை ஜாக்கியில் தூக்கும்போதே தான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து நழுவும்.

ரிம்மும் மாற்றவில்லை, டயர் அளவும் மாற்றவில்லை. கேப் கூடிவிட்ட மாதிரி இருக்கிறதே?

டயர் தேய்ந்திருக்கும். புது டயரில் கோடுகளின் ஆழம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். சட்டப்படி மாற்ற வேண்டிய 1.6-க்கு வரும்போது ஆரத்தில் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் போயிருக்கும். அத்தனையும் கேப்பில் கூடும். ரிம் வாங்கலாமா என்று யோசிப்பவரின் டயர் முடிகிற நிலையில் இருந்தால், முதலில் கம்பெனி அளவிலேயே புது டயர் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். பலர் அதோடு திருப்தியாகிவிடுகிறார்கள்.

செகண்ட் ஹேண்ட் ரிம் வாங்கலாமா?

வாங்கலாம், டயரைக் கழற்றிப் பார்த்த பிறகு. டயரோடு இருக்கும்போது உள் விளிம்பின் வளைவு தெரியாது. பேலன்சிங் மெஷினில் வெறும் ரிம்மைச் சுற்ற விட்டால், விளிம்பு அலை மாதிரி ஆடுவது கண்ணுக்கே தெரிந்துவிடும். உட்புறத்தில் வெல்டிங் தடம், கம்பி சேரும் இடத்தில் முடி மாதிரி கீறல், ஒரு பக்கம் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் விட்டுவிடுங்கள். வளைவை நிமிர்த்தித் தருகிறார்கள். லேசான வளைவுக்குப் பரவாயில்லை. விரிசலை வெல்டிங் வைத்து அடைத்த ரிம்மை நான் என் வண்டியில் மாட்ட மாட்டேன், யாருக்கும் மாட்டித் தரவும் மாட்டேன்.

கம்பெனி ரிம்களே பழையதாகக் கிடைப்பதுண்டு. கீழ் வேரியண்ட் வைத்திருப்பவர்கள் அதே மாடலின் மேல் வேரியண்ட் 16 இஞ்ச் ரிம்மை எடுப்பது நான் பார்த்தவரை மிக நல்ல மாற்றம். ஆஃப்செட், போர், நட் எதைப் பற்றியும் கவலை இல்லை, கேப் கணக்கும் கம்பெனியே போட்டு வைத்தது.

ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ் பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. உங்கள் மாடலின் ஏதாவது ஒரு வேரியண்டில் கம்பெனியே கொடுத்த அளவுக்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது யார் கண்ணிலும் முதலில் படும், அதைச் செய்யாதீர்கள். ரிம்மின் பில்லை வைத்திருங்கள், பாலிசி புதுப்பிக்கும்போது கூடுதல் பொருளாகத் தெரிவித்துச் சேர்த்துவிடுங்கள்.

ஸ்பீடோமீட்டர் மாறுமா?

விட்டம் எத்தனை சதவீதம் மாறுகிறதோ அத்தனை சதவீதம் மாறும். 195/55 ஆர்16 போட்டால், முன்பு 100 காட்டிய இடத்தில் வண்டி நிஜத்தில் 1.8 கிலோமீட்டர் கூடுதலாக ஓடும். மைலேஜ் குறைந்த மாதிரி தோன்றுவதில் ஒரு பங்கு இந்தக் கணக்குதான். இன்னொரு பங்கு ரிம், டயரின் கூடுதல் எடை.

மாட்டிய பிறகு என்னென்ன செய்ய வேண்டும்?

நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் அடித்து விட்டுவிடக் கூடாது. இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கச் சொல்லுங்கள். ஹோண்டாவுக்கு 108 நியூட்டன் மீட்டர், ஃபோக்ஸ்வேகனுக்கு 120. நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும், புது அலாயில் நட் கொஞ்சம் உட்காரும். அலைன்மென்ட் அன்றே பார்த்துவிடுங்கள். காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். சித்திரை வெயிலில் ஓடி வந்த டயரில் காற்று அழுத்தம் ஏறியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும், அடுத்த பள்ளத்தில் ரிம்தான் அடி வாங்கும்.

கடைக்குப் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

ஒரு துண்டுச் சீட்டு. அதில் கம்பெனி டயர் அளவு, அதன் விட்டம், பழைய ரிம்மின் அகலம், ஆஃப்செட், பி.சி.டி., போர். மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு வீல்களுக்கும் அளந்த உயரம், நூல் கட்டி அளந்த இடம். ரிம் பிடித்துப்போனால் பணம் கொடுக்கும் முன் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று டயரோடு மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, நாலடி முன்னும் பின்னும் உருட்டி, சஸ்பென்ஷன் அமர்ந்த பிறகு அளங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளந்தால் வண்டி உயரமாக நின்று கேப்பைப் பெரிதாகக் காட்டும். ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கள். அப்புறம் பத்தடி தள்ளிப் போய், இன்னும் மாற்றாத பக்கத்தையும் மாற்றிய பக்கத்தையும் மாறி மாறிப் பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் ரிம்மைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேறு கடைக்குப் போங்கள்.